டாக்டர் ஜோஷுவா பிம்: விம்பிள்டனுக்கு வராமல் போன சாம்பியன்

1895-ல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஜோஷுவா பிம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் போதும். அன்றைய விதி அப்படி. மற்ற எல்லோரும் முதல் சுற்றிலிருந்து ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டு வருவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்தான் முந்தைய ஆண்டு சாம்பியனோடு மோதுவார். சவால் சுற்று என்று அதற்குப் பெயர். 1922-ல் அது கைவிடப்படும்வரை விம்பிள்டன் சாம்பியனுக்குக் கிடைத்த பெரிய சலுகை அதுதான்.

பிம் அந்த ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. அப்போது அவருக்கு வயது 26. 1893, 1894 இரண்டு ஆண்டும் பட்டம் அவருடையது. அதே 1895-ல் டப்ளினில் நடந்த அயர்லாந்து சாம்பியன்ஷிப்பையும் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றிருந்தார். கையும் காலும் நன்றாக இருந்த ஒரு மனிதர், உலகின் மிகப் பெரிய பட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எதற்காக? அவர் டாக்டர்.

ஏழு ஆண்டு கழித்து அதே மனிதரை வலிய அழைத்துப்போய், முகமூடி போட்டதுபோல ஒரு புனைபெயரில், நியூயார்க்கில் நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பை ஆட வைத்தார்கள். அங்கே அவர் இரண்டு ஆட்டத்திலும் தோற்றார். இன்றைக்கு டேவிஸ் கோப்பைப் பட்டியலில் பிம் என்று தேடினால் கிடைப்பது அந்த இரண்டு தோல்விகள் மட்டும்தான். இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. முதல் முடிவு அவருடையது, அது சரியான முடிவு. இரண்டாவது முடிவை எடுத்தவர்கள் வேறு ஆட்கள், கணக்கைத் தப்பாகப் போட்டவர்களும் அவர்கள்தான். இந்த இரண்டு முடிவுகளையும் எடுத்துவைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

டப்ளின் உச்சத்தில் இருந்த நேரம்

பிம் பிறந்தது 1869 மே 20, விக்லோ மாவட்டத்தின் பிரே. டப்ளினுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். ரயில் வந்தபிறகு டப்ளின்காரர்களின் உல்லாசப் பட்டணமாக வளர்ந்தது. அயர்லாந்து அப்போது ஐக்கிய ராஜ்ஜியத்தின் ஒரு பகுதி. இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால், பின்னால் அவர் பிரிட்டிஷ் தீவுகளின் அணியில் ஆடியது குழப்பும்.

டென்னிஸ் என்றாலே விம்பிள்டன் என்று நமக்குப் பழகிவிட்டது. 1880-களில் அப்படி இல்லை. டப்ளினில் ஃபிட்ஸ்வில்லியம் கிளப் 1879-லிருந்து நடத்திவந்த அயர்லாந்து சாம்பியன்ஷிப் விம்பிள்டனுக்குச் சமமாகப் பேசப்பட்ட போட்டி. பெண்களுக்கென்று ஒற்றையர் சாம்பியன்ஷிப்பை விம்பிள்டனுக்கு ஐந்து ஆண்டு முன்பே தொடங்கியதும் டப்ளின்தான். ஃபிட்ஸ்வில்லியம் கிளப் ஜார்ஜ் கெர் என்ற தொழில்முறை ஆட்டக்காரரையே சம்பளத்துக்கு வைத்திருந்தது. ஒரு நல்ல ஆட்டக்காரரோடு தினமும் பந்தடித்துப் பழக முடியும் என்பது அன்றைய இங்கிலாந்துக் கிளப்புகள் பலவற்றில் கிடைக்காத வசதி.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்தைச் சுற்றிலும் டப்ளினின் பெரிய மருத்துவர்கள் வீடு எடுத்து, வாசலில் பித்தளைப் பலகை மாட்டி, நோயாளிகளைப் பார்த்துவந்தார்கள். நகரத்தின் மருத்துவமும் டென்னிசும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவை என்றே சொல்லலாம். பிம்மின் இரட்டையர் ஜோடி ஃபிராங்க் ஸ்டோக்கர் பல் மருத்துவர். அவர் அயர்லாந்து ரக்பி அணியிலும் ஆடியவர். ரக்பி சர்வதேச ஆட்டக்காரர் ஒருவர் விம்பிள்டன் பட்டம் வென்றது அவர் ஒருவரோடு சரி.

1890 விம்பிள்டன் முழுக்க அயர்லாந்துக்காரர்கள் ராஜ்ஜியம். ஆண்கள் ஒற்றையரில் கில்டேர் மாவட்டத்து வில்லபி ஹாமில்டன், வில்லியம் ரென்ஷாவை ஐந்து செட்டில் வீழ்த்தினார். பெண்கள் ஒற்றையர் டிப்பரரியின் லீனா ரைஸுக்கு. ஆண்கள் இரட்டையர் பிம்முக்கும் ஸ்டோக்கருக்கும். பிம்முக்கு அப்போது 21 வயது.

நான்கு ஆண்டு, ஒரே எதிராளி

அடுத்த நான்கு ஆண்டுதான் பிம்மின் கதையில் கனமான பகுதி. 1891 முதல் 1894 வரை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தைத் தீர்மானித்த நான்கு ஆட்டத்திலும் ஆடியவர்கள் இதே இருவர்தான்: பிம்மும் லண்டன் பக்கத்து வில்ஃப்ரெட் பேட்லியும். நான்கு முறை தொடர்ந்து.

1891-ல் ஹாமில்டன் உடல்நலக் குறைவால் பட்டத்தைக் காக்க வரவில்லை. அதனால் சவால் சுற்று கிடையாது, மற்ற எல்லோரும் ஆடும் பொதுச்சுற்றின் இறுதி ஆட்டமே பட்டத்துக்கான ஆட்டம். பேட்லிக்கு 19 வயதுதான். 6-4, 1-6, 7-5, 6-0 என்று ஜெயித்து, விம்பிள்டன் வரலாற்றின் மிக இளைய ஆண் சாம்பியன் ஆனார். 1985-ல் போரிஸ் பெக்கர் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. பிம்மின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஸ்கோரில் உறுத்துவது கடைசி செட். இரண்டாவது செட்டை 6-1 என்று எடுத்தவர், மூன்றாவதை 5-7 வரை இழுத்தவர், நான்காவதில் ஒரு கேம்கூட எடுக்காமல் சரிந்திருக்கிறார்.

1892-ல் பொதுச்சுற்று இறுதியில் எர்னஸ்ட் லூயிஸிடம் முதல் இரண்டு செட்டை இழந்தார். மூன்றாவதை 9-7 என்று பிடுங்கி, அடுத்த இரண்டையும் எடுத்து, ஐந்து செட்டில் ஜெயித்தார். அப்புறம் சவால் சுற்று. முதல் செட்டை 6-4 என்று வென்றும், 3-6, 3-6, 2-6 என்று பேட்லியிடம் தோற்றார். இங்கேதான் சவால் சுற்று விதியின் இன்னொரு முகம் தெரிகிறது. அத்தனை சுற்றும் ஆடிக் களைத்து வருகிறவர் ஒரு பக்கம். அந்த ஆண்டு விம்பிள்டன் ஒற்றையரில் ஒரு பந்துகூட அடிக்காமல் காத்திருக்கிறவர் மறுபக்கம்.

1893-ல் ஆட்டம் திரும்பியது. பொதுச்சுற்று இறுதியில் இன்னொரு அயர்லாந்துக்காரர் ஹரால்டு மஹோனியை 9-7, 6-3, 6-0 என்று நேர் செட்டில் முடித்தார். பேட்லியிடம் முதல் செட்டை 3-6 என்று விட்டார். அதற்கப்புறம் 6-1, 6-3, 6-2. முந்தைய இரண்டு ஆண்டும் ஆட்டம் போகப்போகத் தேய்ந்தவர், இந்த முறை போகப்போக வலுத்தார். அதே ஆண்டு ஸ்டோக்கரோடு இரட்டையர் பட்டமும் மறுபடி கிடைத்தது. 1894-ல் அவர் சாம்பியன், அதனால் ஒரே ஆட்டம்: 10-8, 6-2, 8-6. நேர் செட்தான், ஆனால் முதல் செட்டையும் மூன்றாவது செட்டையும் பார்த்தால் பேட்லி லேசில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது புரியும்.

நான்கு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். பட்டம் இருவருக்கும் இரண்டிரண்டு. செட் கணக்கில் பிம் 8, பேட்லி 7. கேம் கணக்கில் பிம் 74, பேட்லி 70. இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு ஆண்டு, இவ்வளவு பெரிய மேடையில் இருவர் மோதிய கதை டென்னிஸ் ரசிகர்கள் வாயில் ஏன் புழங்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிம்மின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, அலட்டிக்கொள்ளாத நளினம். இன்னொன்று, கோட்டை ஒட்டிப் பந்தைப் போடும் துணிச்சல். பந்து சரியாக விழுந்தால் எதிராளிக்கு ஓடக்கூட நேரம் இருக்காது. இம்மி தப்பினால் புள்ளி போச்சு. 1891-ன் 0-6 செட்டும் 1893-ன் 6-1 செட்டும் ஒரே மனிதரின் மட்டையிலிருந்து வந்ததற்கு இது ஒரு விளக்கம் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட ஆட்டம் தினசரிப் பயிற்சியை நம்பி நிற்பது. தடுத்துத் தடுத்து ஆடுகிறவர் ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் ஒப்பேற்றிவிடுவார். கோட்டோரம் குறிவைத்து அடிக்கிறவருக்கு அது நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1902-க்குப் போகும்போது தேவைப்படும்.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நாள்

1895-க்கு வருவோம். அன்றைய டென்னிசில் பணம் கிடையாது. கோப்பை உண்டு, பேர் உண்டு, கைதட்டல் உண்டு, பிழைப்பு இல்லை. விம்பிள்டனுக்கே அப்போது கஷ்டகாலம். கூட்டம் குறைந்துகொண்டே வந்து, 1895-ல் போட்டி 33 பவுண்டு நஷ்டத்தில் முடிந்தது.

ஆட்டம் ஒன்றுதான், ஆனால் டப்ளின் டாக்டருக்கு அது ஒரு நாள் வேலை இல்லை. கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் தபால் கப்பல் ஏறி ஹாலிஹெட் போய், அங்கிருந்து ரயிலில் லண்டன். திரும்பவும் அதே வழி. அதற்கு முன்னால் இங்கிலாந்தின் புல்தரையில் கொஞ்ச நாளாவது பழகியாக வேண்டும். அதற்கும் முன்னால் வாரக்கணக்கில் நல்ல ஆட்டக்காரர்களோடு பயிற்சி வேண்டும்.

மருத்துவத் தொழில் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1886-ல் வந்த மருத்துவச் சட்டப்படி, பதிவு பெற விரும்பும் எவரும் மருத்துவம், அறுவை, மகப்பேறு மூன்றிலும் தேர்வு பெற்றிருக்க வேண்டும். அயர்லாந்தில் மருத்துவர் கல்லூரியும் அறுவை மருத்துவர் கல்லூரியும் சேர்ந்தே அதற்கான உரிமம் வழங்கின. ஆகவே அந்தத் தலைமுறை டாக்டர் என்றால் காய்ச்சலுக்கு மருந்தெழுதுகிறவர் மட்டும் இல்லை. முறிந்த எலும்பைக் கட்டுவது, சீழ்க்கட்டியைக் கீறுவது, நடுராத்திரி பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். தொழிலைத் தொடங்கும் இளம் டாக்டருக்கு முதல் சில ஆண்டுதான் எல்லாமே. ஒரு குடும்பம் ஆளனுப்பும்போது அவர் ஊரில் இல்லாவிட்டால் வேறொருவரைக் கூப்பிடும். அடுத்த முறையும் அந்த வேறொருவரையே கூப்பிடும்.

இதோடு சேர்த்துப் பார்த்தால், 1895-ல் பிம் செய்தது தெளிவாகத் தெரிகிறது. டப்ளினில் ஆடினார், வென்றார். லண்டனுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஆடமுடிந்தவரை ஆடுவது, தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போவதில்லை என்ற வரம்பு அது. 1894-லேயே அதன் அறிகுறி இருந்தது. ஒற்றையர் பட்டத்தைக் காத்தவர் ஸ்டோக்கரோடு வென்ற இரட்டையர் பட்டத்தைக் காக்க இறங்கவில்லை.

பேட்லியும் கடைசியில் அதே வழிக்கு வந்தார் என்பது கவனிக்கவேண்டியது. அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் ஹெர்பர்ட்டும் வழக்கறிஞர் தொழிலைப் பார்க்க 1897-க்குப் பிறகு போட்டி டென்னிசை விட்டுவிட்டார்கள். நான்கு ஆண்டு உலகின் தலைசிறந்த இருவராக இருந்தவர்கள் இருவருமே முப்பது வயதுக்குள் வேலையைப் பார்க்கப் போனார்கள். அந்தத் தலைமுறைக்கு அது விந்தையில்லை.

வேறு விதமாகப் போனவர்களும் உண்டு. வில்பர்ஃபோர்ஸ் ஈவ்ஸும் டாக்டர்தான். பிம் வராத அந்த 1895 இறுதி ஆட்டத்தில் பேட்லியை எதிர்த்து முதல் இரண்டு செட்டை வென்றும் ஐந்து செட்டில் தோற்றார். அப்புறமும் விடாமல் ஆடி, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் நாற்பது வயதில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். அமெரிக்க டென்னிஸின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் டுவைட் ஹார்வர்டில் மருத்துவம் முடித்தவர், மருத்துவராகத் தொழில் நடத்தாமல் டென்னிசுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். மூவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்பு சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். ஆனால் பிம் எடுத்த முடிவு தெளிவானது, அதில் அவர் அடுத்த ஏழு ஆண்டு நிலையாக நின்றார்.

மிஸ்டர் எக்ஸ்

1900-ல் டுவைட் டேவிஸ் கொடுத்த கோப்பைக்காக முதல் போட்டி பாஸ்டன் பக்கத்தில் நடந்தது. பிரிட்டிஷ் அணி அங்கே நன்றாக அடிவாங்கித் திரும்பியது. 1901-ல் போட்டியே நடக்கவில்லை. 1902-ல் பிரிட்டன் தன் சிறந்த ஆட்களை அனுப்பத் தீர்மானித்தது. 1897 முதல் 1900 வரை நான்கு முறை விம்பிள்டன் வென்ற ரெஜினால்டு டோஹர்ட்டி, அந்த 1902 கோடையில்தான் விம்பிள்டன் வென்றிருந்த அவருடைய தம்பி லாரன்ஸ் டோஹர்ட்டி, மூன்றாவதாக ஒருவர். அந்த மூன்றாமவரின் பெயரை அறிவிக்கவில்லை. மிஸ்டர் எக்ஸ் என்று மட்டும் சொன்னார்கள்.

அது டாக்டர் பிம். வயது 33. ஆட்டத்துக்காக வாரக்கணக்கில் அட்லாண்டிக்குக்கு அப்பால் போகிறார் என்று தம் நோயாளிகளும் சக மருத்துவர்களும் பத்திரிகையில் படிப்பதை அவர் விரும்பவில்லை. 1895-ல் லண்டனுக்கே போகாதவர் கப்பலில் போக ஒரு வாரம், வர ஒரு வாரம் ஆகும் ஊருக்குக் கிளம்பினார் என்றால், அவரை எவ்வளவு வற்புறுத்தியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். உடம்பும் பழைய உடம்பு இல்லை, கனத்திருந்தார்.

போட்டி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை, நியூயார்க் புரூக்லினில் கிரசென்ட் அத்லெட்டிக் கிளப் மைதானத்தில். இப்போது கேட்க வேண்டிய கேள்வி: ஒற்றையர் யார் ஆடுவது? கேப்டன் வில்லியம் காலின்ஸ் எடுத்த முடிவு, ரெஜினால்டும் பிம்மும். நடப்பு விம்பிள்டன் சாம்பியன் லாரன்ஸ் வெளியே உட்கார வேண்டியது. காரணம், கடைசி நாள் இரட்டையருக்கு அவர் களைப்பில்லாமல் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. டோஹர்ட்டி சகோதரர்களின் உடல்நலம், குறிப்பாக அண்ணனுடையது, எப்போதும் மெல்லியது. நியூயார்க்கின் ஆகஸ்ட் வெயிலில் மூன்று நாள் தொடர்ந்து இருவரையும் ஆடவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேப்டன் பயப்படலாம்தான். சரி. ஆனால் அன்று ஆட்ட வரிசை முதலில் நான்கு ஒற்றையர், கடைசியில்தான் இரட்டையர். ஐந்தில் மூன்று வென்றால் கோப்பை. இரட்டையர் தொடங்குவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடக்கூடிய அமைப்பில், இருப்பதிலேயே சிறந்த ஆளை அந்தக் கடைசி ஆட்டத்துக்காகப் பொத்திவைத்தார்கள்.

அதேதான் நடந்தது. ரெஜினால்டு இரண்டு செட் பின்தங்கியும் வில்லியம் லார்னட்டை ஐந்து செட்டில் மடக்கினார். பிம்மை மால்கம் விட்மன் 6-1, 6-1, 1-6, 6-0 என்று வென்றார். இந்த ஸ்கோரில் மூன்றாவது செட்டைப் பாருங்கள். மூன்று முறை அமெரிக்க சாம்பியனான ஒருவரிடம் 6-1. கோட்டோரம் போன பந்துகள் ஒரு செட் நேரம் சொன்ன இடத்தில் விழுந்திருக்கின்றன. அடுத்த செட்டில் ஒரு கேம்கூட இல்லை. 1891 விம்பிள்டனில் பார்த்த அதே சரிவு, இந்த முறை பயிற்சியும் மூச்சும் இல்லாத உடம்பில். அடுத்து லார்னட்டிடம் 3-6, 2-6, 3-6. விட்மன் ரெஜினால்டையும் வீழ்த்த, அமெரிக்கா 3-1 என்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதற்கப்புறம் டோஹர்ட்டி சகோதரர்கள் இரட்டையரில் இறங்கி டேவிஸையும் ஹோல்கம் வார்டையும் வென்றார்கள். 3-2. எதற்காக லாரன்ஸைக் காப்பாற்றி வைத்தார்களோ அந்த ஆட்டம் வெறும் காட்சி ஆட்டமாகிவிட்டது.

கணக்கு எளிது. டோஹர்ட்டிகள் கையில் இரண்டு வெற்றி. பிம் ஆடிய இரண்டு இடத்தில் ஒன்றையாவது லாரன்ஸ் வென்றிருந்தால் கோப்பை பிரிட்டனுக்கு. விட்மனும் லார்னட்டும் சாதாரண ஆட்களில்லை, லாரன்ஸ் கட்டாயம் வென்றிருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பது கையில் இருக்கிறது. 1903-ல் அதே காலின்ஸ் கேப்டன். இரண்டு சகோதரர்களையும் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் போட்டார்கள். மஹோனி மாற்று ஆட்டக்காரர், அவரை இறக்கவே இல்லை. ரெஜினால்டின் தோளில் காயம். லார்னட்டோடு மோத வேண்டிய அவருடைய முதல் ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுத்தார்கள், அவருக்குப் பதில் இன்னொருவரைப் போடவில்லை. இருந்தும் 4-1 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே மாதம் லாரன்ஸ் அமெரிக்க சாம்பியன்ஷிப்பையும் வென்றார்.

1902 தோல்விக்குப் பிம்மின் உடல் எடையைக் காரணம் சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எடை உண்மைதான். ஆனால் கப்பலில் ஏறும்போதே அந்த எடை அவரோடுதான் ஏறியது, கேப்டன் கண்முன்னால். ஏழு ஆண்டாகப் பெரிய மேடையில் ஆடாத டாக்டரை நடப்பு சாம்பியனுக்குப் பதிலாகக் களத்தில் விட்டது பிம் செய்த தேர்வு இல்லை.

பிறகு

திரும்பி வந்த பிம் மறுபடி டேவிஸ் கோப்பை ஆடவில்லை. டாக்டராகவே வாழ்ந்து, 1942 ஏப்ரல் 15 அன்று, தான் பிறந்த பிரேக்குப் பக்கத்திலேயே, டப்ளின் மாவட்டத்து கில்லைனியில் தம் 72-வது வயதில் இறந்தார். 1896-ல் விம்பிள்டன் வென்ற மஹோனியை அயர்லாந்துக் கணக்கில்தான் சேர்ப்பார்கள், சரியும்கூட. கெர்ரியின் டிரோமோர் கோட்டைக் குடும்பம் அது. ஆனால் அவர் பிறந்தது எடின்பரோவில். அயர்லாந்து மண்ணில் பிறந்து விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் வென்றவர்கள் ஹாமில்டனும் பிம்மும் மட்டும்தான். 1894-க்குப் பிறகு இன்றுவரை அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர் சேரவில்லை.